அந்த வீடுதான் பேய்

கேள்வி: எட்கர் ஆலன் போ எழுதிய 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' கதையை இப்போதுதான் படித்தேன். பேயே இல்லாத இந்தக் கதையைக் குறைந்த செலவில் எப்படித் திகில் படமாக எடுத்தார்கள்? கதையை மாற்றிவிட்டார்களாமே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: படத்துக்குப் பணம் போட்டவர்களும் இதையேதான் கேட்டார்களாம். "ராட்சசன் எங்கே?" என்றதற்கு, "அந்த வீடுதான் ராட்சசன்" என்று இயக்குநர் ராஜர் கோர்மன் சமாளித்தார். ஆனால் 1960இல் வந்த அந்தப் படத்தைப் பார்த்தால் அது வெறும் சமாளிப்பு இல்லை என்று தெரியும்.

படத்துக்குப் பணம் போட்ட கம்பெனி அதுவரை பத்துப் பத்து நாளில் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்து, இரண்டை ஒரே டிக்கெட்டில் ஓட்டி வந்தது. இரண்டுக்கும் ஆகிற பணத்தை ஒன்றுக்கே கொடுங்கள், கலரில் எடுக்கிறேன் என்று கோர்மன் கேட்டு வாங்கி, 15 நாளில் முடித்தார். செலவு ஏறக்குறைய 3 லட்சம் டாலர். ஹாலிவுட் மலையில் காட்டுத்தீ பிடித்து அணைந்ததும் அங்கேயே போய், கதாநாயகன் குதிரையில் வரும் முதல் காட்சியை எடுத்தார். கருகிய மரமும் சாம்பலும் அத்தனையும் நிஜம், செட் போட்டிருந்தால் அந்த வெறுமை வந்திருக்காது. கடைசியில் வீடு எரிவதற்கு, எப்படியும் இடிக்கப்போகிற பழைய கொட்டகை ஒன்றை 50 டாலர் கொடுத்து ராத்திரியில் கொளுத்தினார்கள். உத்தரங்கள் தீயோடு சரியும் அந்த ஷாட்டுகளை அவருடைய அடுத்த படங்களிலும் பார்க்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த விஷயத்துக்குக் காசே ஆகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வேலைக்காரர் வந்தவனிடம் பூட்ஸைக் கழற்றச் சொல்வார். வீட்டு எஜமானர் ராடரிக்குக்குச் சின்னச் சத்தமும் சித்திரவதை. அப்புறம் நாமும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் படம் பார்க்கிறோம். தலைமுடியை வெளுத்து, மீசையை மழித்துக்கொண்டு வின்சென்ட் பிரைஸ் மெல்லிய குரலில் பேசுவதே போதும்.

சரி, மாற்றத்துக்கு வருவோம். கதையில் வருகிறவன் ராடரிக்கின் பால்ய நண்பன், படத்தில் தங்கை மேடலினைக் கட்டிக்கொள்ளப்போகிறவன். கதையில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள், கல்லறைக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு தடவை அறையின் கோடியில் நடந்து மறைவாள். அந்த மௌனம் படத்தில் போய்விட்டது, எனக்கு அது பெரிய இழப்புதான். ஆனால் படத்தில் செத்துவிட்டாள் என்று அவளைச் சவப்பெட்டியில் கிடத்தியிருக்கும்போது விரல் லேசாக அசையும், அதை அண்ணன் பார்த்துவிட்டு அவசரமாக மூடியைச் சாத்துவார். கல்லறைக்குப் போகும் வழி முழுக்க நமக்குத் தெரியும், அவளைக் கட்டிக்கொள்ள வந்தவனுக்குத் தெரியாது.