புது ஃபோன்: முன்பதிவா, தீபாவளி வரை பொறுப்பதா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். நான்கு வருட ஆண்ட்ராய்டு ஃபோன், மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. ஆகஸ்டில் வரும் புது மாடலை முன்பதிவு செய்யலாமா, தீபாவளி வரை பொறுக்கலாமா? பாண்டியில் வாங்கினால் விலை குறையுமா?

பதில்: சார்ஜ் நிற்காதது மட்டும்தான் குறையென்றால் புது ஃபோனே தேவைப்படாமல் போகலாம். லித்தியம் அயான் பேட்டரி பெரும்பாலும் 500 முதல் 800 முழு சார்ஜ்களில் 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கிவிடும். நான்கு வருடம் உழைத்தது சோர்ந்துபோனதில் வியப்பில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பேட்டரிக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதன்பிறகு சார்ஜ் போடவே கூடாது.

செட்டிங்ஸில் 'அபவுட் ஃபோன்' பகுதிக்குப் போய் செக்யூரிட்டி அப்டேட் தேதியையும் பாருங்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையது, புதிதாக எதுவும் வருவதில்லை என்றால், யுபிஐயும் வங்கி ஆப்பும் இருக்கிற அந்த ஃபோனுக்கு பேட்டரி மாற்றுவது வீண்செலவு. அப்போது புதிது வாங்குவதே சரி.

ஆனால் முன்பதிவு வேண்டாம். விற்பனை தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் போகட்டும். 2023 செப்டம்பரில் வந்த ஐஃபோன் 15 ப்ரோ அதிகமாகச் சூடாகிறது என்று புகார் கிளம்பியது. அக்டோபர் தொடக்கத்தில் வந்த ஐஓஎஸ் 17.0.3 அப்டேட் அதைத் தணித்தது. சாஃப்ட்வேர் கோளாறு இப்படி வாரக்கணக்கில் தீர்ந்துவிடும். ஹார்டுவேர் கோளாறு அப்படித் தீராது, காத்திருந்தால் வெளிச்சத்துக்கு வரும், அவ்வளவுதான். 2016 ஆகஸ்டில் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்து, செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடிக்கவே அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். எட்டு வாரம் என்று சொல்வது இதனால்தான். ஆகஸ்ட் மாடலுக்கு அந்தக் கணக்கு ஏறக்குறைய தீபாவளி விற்பனையில் போய் நிற்கும்.

அதற்கு மேலும் 'அடுத்தது இன்னும் நன்றாக வருமாம்' என்று உட்கார்ந்திருந்தால் முடிவே இராது. தேதி தெரிந்த காரணத்துக்கு மட்டும் பொறுக்கலாம்: ஐஃபோன் புது மாடல்கள் வழக்கமாக செப்டம்பரில் வரும், அப்போது முந்தைய மாடல் விலை இறங்கும். ஆண்ட்ராய்டில் விலை பொதுவாகச் சில மாதங்களிலேயே சரியத் தொடங்கும். இதுவும் நிரந்தர விதியல்ல; 2025 இறுதியில் மெமரி சிப் விலை எகிறியபோது ஃபோன்களின் விலையும் ஏறியது. முன்பதிவில் ஒரே ஒரு லாபம் உண்டு. சில பிராண்டுகள் 256 ஜிபி விலைக்கு 512 ஜிபி தருவார்கள். உங்களுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை என்றால் அது சலுகையே அல்ல.

'நோ காஸ்ட்' தவணையிலும் கவனம் தேவை. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டாலும், அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

பாண்டிக் கேள்விக்கு வருவோம். 2017 ஜூலைக்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி வேறுபட்டது. எல்லை தாண்டிப் போய் வாங்கும் பழக்கம் அப்போது வந்தது. இப்போது ஃபோனுக்கு இரு பக்கமும் ஜிஎஸ்டி 18 சதவீதம். கடைக்காரர் தரும் தள்ளுபடியில் வித்தியாசம் இருக்கலாம், வரியில் இல்லை. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டியை மறந்துவிடுங்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஐபி68 என்பது தண்ணீர் புகாது என்று நல்ல தண்ணீரில் சோதித்துத் தரும் தரம். சில்வர் பீச் உப்புத் தண்ணீருக்கு அது பொருந்தாது. தண்ணீர் புகுந்த சேதத்துக்கு வழக்கமான வாரண்டியும் கிடையாது.

காத்திருக்கவே முடியாத நிலை என்றால், வாங்கிய முதல் வாரம் ஃபோனைச் சும்மா விடாதீர்கள். இரண்டு சிம்மிலும் பேசுங்கள், அரை மணி நேரம் ஹாட்ஸ்பாட் போட்டுச் சூட்டைப் பாருங்கள், இருட்டில் வெள்ளைத் திரை வைத்துப் புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று தேடுங்கள். பழுதான ஃபோனை மாற்றித் தரும் கெடு பல இடங்களில் சில நாட்கள்தான். அது தாண்டினால் ரிப்பேர் மட்டுமே. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ (ஃபோனின் தனி அடையாள) எண், பெட்டியில் உள்ளது, பில்லில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குமுன் பார்த்துவிடுங்கள்.