உணவு அலர்ஜி உள்ள தம்பி யாரோடும் சேராமல் ஒதுங்கிப் போகிறான். நாங்கள் எப்படித் துணையாக இருப்பது?

முந்திரி அலர்ஜியால் ஒருமுறை மூச்சுத்திணறி ஆஸ்பத்திரி வரை போன பிறகு, கல்லூரியில் படிக்கும் உங்கள் தம்பி விசேஷம், ஹோட்டல் எதற்கும் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளுக்கும் முந்திரி ஆகாது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் பந்தியில் கேசரி வாளியில் இருந்த கரண்டியே அடுத்த வாளிக்கும் போகும். "முந்திரியைப் பொறுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடு கண்ணு, ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடும்" என்று பெரியம்மா பாசமாக இலையில் வைப்பார். வேண்டாம் என்றால் ரொம்பத்தான் பிகு பண்ணுகிறான் என்பார்கள். போகிற இடமெல்லாம் இப்படி விளக்கம் சொல்லிச் சொல்லியே ஆள் ஓய்ந்துபோவான்.

அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளே சமையல்காரரிடம் பேசுங்கள்: குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றுகிறார்களா, பொங்கலுக்குத் தாளிப்பு என்ன? பதில் திருப்தியாக இல்லையென்றால் வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அதையே சாப்பிடுங்கள். அவன் மட்டும் டப்பாவைத் திறக்கும்போதுதான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்புறம் நண்பர்கள். லண்டனில் 2017-இல், பால் அலர்ஜி உள்ள 13 வயது மாணவன் மேல் சக மாணவன் ஒருவன் சீஸ் துண்டை எறிந்தான். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. விளையாட்டுக்குக்கூட இதைச் செய்யக் கூடாது என்று நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிய வேண்டும். மூச்சுத்திணறினால் முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. எந்த அளவு, எப்படிப் போடுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, நண்பர்கள் இரண்டு பேருக்காவது பழக்கிவிடுங்கள். தன்னைக் காப்பாற்றத் தெரிந்த ஆள் கூடவே இருக்கிறான் என்ற தெம்பு வந்துவிட்டால் வெளியே கிளம்ப மனம் வரும். என் மகள் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தது இது.

ஆனால் ஆகிற உணவையும் தள்ளிவைக்கிறான், எடை குறைகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். அலர்ஜி மருத்துவரோடு மனநல ஆலோசகரையும் பார்க்க வேண்டும். நேரில் போகத் தயங்கினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். முதல் தடவை நீங்களே பேசிப் பார்த்துவிட்டு அவனிடம் போனைக் கொடுங்கள்.