ஆற்றங்கரையில் கல் அடுக்குவது கலையா, வேலையற்ற வேலையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் வீட்டில் யாரோ கல் அடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கணவரோ, மகனோ, யாராக இருந்தாலும் தயவுசெய்து திட்டிவிடாதீர்கள்.

2020 ஊரடங்கில் நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். 22 வருட வேலை. வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல், விடிவதற்கு முன்பே அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிக் கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் கைக்குக் கிடைத்த கல்லை இன்னொரு கல்லின் மேல் நிறுத்திப் பார்த்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன்.

ஒரு கல் இன்னும் நினைவில் இருக்கிறது. தேங்காய் அளவு, கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளை வரி. அதைக் கூர்முனையில் நிறுத்த ஐந்து நாள் ஆயிற்று. வழவழப்பாகத் தெரிகிற கூழாங்கல்லிலும் விரலால் தடவினால் பொடிப்பொடியாக மேடு பள்ளம் இருக்கும். அதில் மூன்று மேடுகள், அடுப்புக்குக் கூட்டிய மூன்று கல்லைப் போல, அடிக்கல்லில் ஊன்ற வேண்டும். பாரம் அந்த மூன்றுக்கும் நடுவில் இறங்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கையாலும் பிடித்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் விரல்நுனியில் லேசாக ஓர் அதிர்வு தெரியும். அப்புறம் கையில் பாரமே இருக்காது. அன்று வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது, மகளின் கல்லூரிக் கட்டணம் ஒரு மணி நேரமாக நினைவுக்கே வரவில்லை என்று.

அந்த வாரம் குளிக்க வந்த என் மனைவியின் அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள இது, சின்னப்பிள்ளை மாதிரி? நாலு காசு வருமா இதுல?" என்றார். அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

திருமலையில் ஸ்ரீவாரி பாதத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், வீடு கட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சனங்கள் கல்மேல் கல் வைத்திருப்பார்கள். என் அம்மாவும் ஐந்து கல் வைத்தாள். கடைசிவரை வாடகை வீடுதான். ஆனால் அந்த ஐந்தாவது கல்லை மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தபோது இருந்த முகத்தை அவளிடம் நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி என்ற பிரிட்டன் கலைஞர் கடற்கரையில் கல் அடுக்குவதை ஓர் ஆவணப்படத்தில் பார்த்தேன். அலை ஏறி வருவதற்குள் முடிக்க வேண்டும். சரிகிறது, மறுபடி அடுக்குகிறார், மறுபடி சரிகிறது. அவர் முகத்திலும் அதே அமைதி. ஜப்பானில், கியோட்டோ நகரத்து ரியோவான்ஜி கோயிலில் வெள்ளைச் சரளைமேல் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துதான் இருக்குமாம். அதைப் பார்க்க உலகமே போகிறது. அது கலை என்றால் என் அம்மா வைத்ததும் கலைதான்.

கல்லைப் புரட்டினால் ஆற்றுக்குக் கேடு என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். சரியான பேச்சுதான். தண்ணீருக்குள் கிடக்கும் கல்லின் அடியில் தும்பியின் குஞ்சும் சின்ன மீனும் இருக்கும். அதனால் நான் கரையில் காய்ந்து கிடப்பதை மட்டும்தான் எடுப்பேன். கிளம்பும்போது எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவேன்.

ஆனால் என்னிடம் இதைக் கேட்பவர்கள், பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களிடம் ஏன் கேட்பதில்லை? சேலையும் வேட்டியும் பாறை இடுக்கில் சுற்றி அழுகிக் கிடக்கின்றன. போன பங்குனியில் ஒரு பாறையில் சுற்றியிருந்த நைலான் சேலையை உருவவே அரை மணி நேரம் ஆனது. ஈரத்தோடு அதைக் கரைக்கு இழுத்து வர ஓர் ஆள் பாரம். எந்தச் சாமி கேட்டது இதை?

உங்கள் வீட்டில் கல் அடுக்குகிறவருக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போகட்டும். பாசி பிடித்த கல்லில் கால் வைக்க வேண்டாம். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு இறங்கட்டும்.