இரண்டாம் படியில் பிரெஞ்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐரோப்பிய கவுன்சில் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம், ஒரு மொழியைக் கற்பதை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் அவற்றுள் இரண்டாவதான ஏ2 படியில் நிற்பவர்களுடையவை. முதற்படியின் உற்சாகம் தணிந்து, இலக்கணம் திடீரெனக் கனக்கத் தொடங்கும் இடம் அது. பலர் மொழியை விட்டு விலகுவதும் அங்கேதான் என்பதால், இந்த முறை முழுப் பகுதியையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓராண்டாகப் பிரெஞ்சு படிக்கிறேன். பாடநூலில் உள்ள உரையாடலைப் படித்தால் முழுவதும் புரிகிறது. அதையே ஒலிப்பதிவில் கேட்டால் பாதிச் சொற்கள் காணாமற்போகின்றன. குறை என் காதிலா, பயிற்சியிலா? (வாசகி, கோயம்புத்தூர்)

காதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் சொற்களைக் கண்ணால் கற்றிருக்கிறீர்கள். பேசுகிறவர்களோ அவற்றைத் தாளில் உள்ளபடி தனித்தனியே பிரித்து ஒலிப்பதில்லை. 'எனக்குத் தெரியாது' என்பதைப் பாடநூல் 'ழெ நெ சே பா' என்று நான்கு சொற்களாகக் கற்பிக்கிறது. வீட்டிலும் தெருவிலும் அது 'ஷே பா' என்று இரண்டு அசைகளாகச் சுருங்கிவிடுகிறது. (பிரெஞ்சின் அந்த முதல் ஒலியைத் தமிழில் 'ழ' என்று எழுதும் வழக்கம் உண்டு, இரண்டும் ஒரே ஒலி அல்ல என்பதை நினைவில் கொள்க.) எதிர்மறையின் முற்பாதியான 'நெ' பேச்சில் பெரும்பாலும் விழுந்துவிடும். 'நாங்கள்' என்பதற்குப் படித்த 'நூ' என்ற சொல்லின் இடத்தில் 'ஓன்' என்ற சொல்லே மிகுதியாகக் கேட்கும்.

சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது தமிழ் படித்த நமக்குப் புதிதல்ல. 'மணி அடித்தது' என்பது 'மணியடித்தது' என்றாகும்போது இடையில் ஒரு யகர உடம்படுமெய் தோன்றுகிறது அல்லவா? 'இருக்கிறதா?' என்று பொருள்படும் 'இயாதில்' என்ற பிரெஞ்சு வினாவில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தகரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் 'நண்பர்கள்' என்பதற்கான 'லே', 'அமி' என்ற இரு சொற்கள் 'லேஸமி' என்று ஒலிக்கும்போது நடப்பது சற்று வேறு: அங்கே மெய் புதிதாகத் தோன்றவில்லை, எழுத்தில் ஏற்கெனவே இருந்து ஒலிக்காமல் கிடந்த மெய், அடுத்து உயிர் வந்ததும் விழித்துக்கொள்கிறது.

தமிழரின் காதுக்கு இரண்டு ஒலிகள் தனியே பழக வேண்டியவை. முதலாவது, தேனீயின் ரீங்காரம் போல அதிரும் ஸகரம். மீனைக் குறிக்கும் சொல்லிலும் நஞ்சைக் குறிக்கும் சொல்லிலும் மற்ற ஒலிகள் எல்லாம் ஒன்றே. நடுவில் உள்ள ஸகரம் அதிராவிட்டால் மீன், அதிர்ந்தால் நஞ்சு. இரண்டாவது, 'இ' சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் 'உ'வுக்குக் குவித்தால் பிறக்கும் உயிர். 'மேலே' என்பதையும் 'கீழே' என்பதையும் பிரெஞ்சில் பிரித்துக் காட்டுவது அந்த ஓர் உயிர்தான். கண்ணாடி முன் நின்று நாள்தோறும் ஐந்து நிமிடம் சொல்லிப் பாருங்கள்.

பயிற்சிக்கு, பிரான்ஸ் சர்வதேச வானொலியின் 'எளிய பிரெஞ்சில் செய்தி' என்ற பத்து நிமிட நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். முழுவதையும் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரே ஒரு நிமிடத்தை, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் ஐந்து முறை கேட்டு, காதில் விழுந்ததை எழுதி, பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். தவறவிட்ட இடங்களில் பெரும்பாலானவை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களாகவே இருப்பதைக் காண்பீர்கள்.

கேள்வி: கடந்த காலத்துக்கு 'பாஸே கொம்போஸே', 'எம்பார்ஃபே' என்று இரண்டு வடிவங்கள் எதற்கு? எதை எங்கே பயன்படுத்துவது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுமாறுகிறேன். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

ஏ2 படியின் இதயமே இந்தக் கேள்விதான். ஆங்கில விளக்கத்தை ஒதுக்கிவிட்டு இதைத் தமிழிலேயே சிந்தித்தால் பாதி வழி கடந்துவிடலாம் என்பது என் அனுபவம். 'சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குக் குளிக்கப் போவோம்' என்று சொல்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருளோ கடந்த காலத்து வழக்கம். இப்படி 'போவோம், வருவார், சாப்பிடுவாள்' என்று பழைய நாளைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் பிரெஞ்சில் எம்பார்ஃபே. 'தூங்கிக்கொண்டிருந்தேன்' என்று நீளும் செயலும் எம்பார்ஃபே. 'வந்துவிட்டான், மறந்துவிட்டேன்' என்று 'விடு' சேர்த்து முடிக்கும் செயல் பாஸே கொம்போஸே.

சிக்கல் வருவது நம் எளிய இறந்தகாலம் இரண்டு வேலையையும் பார்க்கும் இடங்களில்தான். இந்தச் சிறு நிகழ்ச்சியைப் பாருங்கள்: 'மழை பெய்துகொண்டிருந்தது. நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றார்கள். பேருந்து வந்தது. நான் ஏறினேன். குடையை மறந்துவிட்டேன்.' நின்றார்கள், வந்தது, ஏறினேன் மூன்றும் தமிழில் ஒரே காலம். பிரெஞ்சுக்காரர் அங்கே கோடு கிழிக்கிறார்: மழையும் நிற்கும் மனிதர்களும் மேடையில் தொங்கும் திரைச்சீலை, ஆகவே எம்பார்ஃபே, பேருந்து வந்ததும் நான் ஏறியதும் குடையை மறந்ததும் மேடையில் நடக்கும் செயல்கள், ஆகவே பாஸே கொம்போஸே. வாக்கியத்தை எழுதுமுன், 'இது நடந்ததா, ஏற்கெனவே இருந்ததா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி 'இருந்தேன்' என்ற சொல். 'அப்போது சென்னையில் இருந்தேன்' என்பது பின்னணி, எம்பார்ஃபே. 'மூன்று வருடம் சென்னையில் இருந்தேன்' என்பது தொடக்கமும் முடிவும் அளந்து மூடப்பட்ட காலம், பாஸே கொம்போஸே. நீண்ட காலம் என்பதால் எம்பார்ஃபே வரும் என்று எண்ணுவதே மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

மேலே சொன்ன நிகழ்ச்சியில் 'ஏறினேன்', 'வந்தது' இரண்டும் 'எத்ர்' என்ற துணைவினையோடும், 'மறந்தேன்' என்பது 'அவுவார்' என்ற துணைவினையோடும் வரும். போதல், வருதல், ஏறுதல், இறங்குதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகளே 'எத்ர்' குடும்பம். அவற்றை ஒரு வீட்டின் வாசலிலும் மாடிப்படியிலும் நடப்பவையாக வரைந்து மனத்தில் பதிப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. அந்தக் குடும்பத்தில், எழுதுபவர் பெண் என்றால் 'நான் ஏறினேன்' என்ற வினையின் இறுதியில் ஒலிக்காத ஓர் எழுத்து கூடும். தமிழில் 'போனான், போனாள்' என்று படர்க்கையில் மட்டும் தெரியும் பால் வேறுபாடு, அங்கே தன்மையிலும் எழுத்தில் தெரிகிறது.

கேள்வி: 70க்கு மேல் எண்கள் ஏன் இப்படிக் குழப்புகின்றன? (வாசகர், சேலம்)

70 என்பது 'அறுபதும் பத்தும்', 80 என்பது 'நான்கு இருபது', 99 என்பது 'நான்கு இருபதும் பத்தொன்பதும்'. இருபது இருபதாக எண்ணிய பழைய முறையின் எச்சம் இது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் 'செப்தாந்த்', 'நோனாந்த்' என்ற நேரான சொற்கள் உண்டு. பிரான்சில் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகவே சொல்வார்கள். தெரிந்த எண்களை அப்படியே உரக்கச் சொல்லிப் பழகுவதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினேன். டெல்ஃப் ஏ2 தேர்வு எழுதலாமா? அது எப்படி இருக்கும்? (வாசகர், புதுச்சேரி)

தாராளமாக எழுதலாம். பிரெஞ்சு மொழித்திறனைச் சோதிக்கும் அந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 பெற்றால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். எழுத்துப் பகுதியில் ஓர் அனுபவத்தை விவரிக்கவும், அழைப்பு, நன்றி, மன்னிப்பு போன்றதொரு மடலை எழுதவும் சொல்வார்கள். மேலே திருநெல்வேலி மாணவருக்குச் சொன்ன இரண்டு கடந்த காலங்களும் அங்கே உடனே கைகொடுக்கும். 1889ஆம் ஆண்டு முதல் இயங்கும், பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் உங்கள் ஊரிலேயே இருப்பது பெரிய வசதி.

கேள்வி: என் மகன் மேற்படிப்புக்காக லியோன் நகரத்துக்குச் செல்கிறான். ஏ2 முடித்திருக்கிறான். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசும் பிள்ளை. அங்கே யாரை 'து' (நீ) என்றும் யாரை 'வூ' (நீங்கள்) என்றும் அழைப்பது என்று தெரியாமல் தயங்குகிறான். (ஒரு தாய், மதுரை)

'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு தெரிந்த பிள்ளை என்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. ஆனால் அளவுகோல் வேறு. நாம் முதன்மையாக வயதைப் பார்க்கிறோம். அங்கே நெருக்கத்தைப் பார்க்கிறார்கள். பிரெஞ்சுக் குடும்பங்களில் பெரும்பாலும் பிள்ளைகள் தாய் தந்தையரையும் தாத்தா பாட்டியையும் 'து' என்றே அழைப்பார்கள். அதில் அவமரியாதை சிறிதும் இல்லை. மாறாக, கடையில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனானாலும் அறிமுகமில்லாதவன் என்றால் 'வூ'. உடன் படிக்கும் மாணவர்கள் முதல் நாளிலிருந்தே 'து'. பேராசிரியருக்கு 'வூ'. அவரே மாற்றச் சொன்னால் மட்டும் மாற்றலாம்.

அண்ணா, அக்கா, ஐயா என்று உறவுமுறை சொல்லி அந்நியரை அழைக்கும் வழக்கம் அங்கே இல்லை. 'மெசியெ', 'மதாம்' போதும். மணமாகாத பெண்ணுக்குரிய 'மத்முவாசெல்' என்ற சொல் 2012இல் அரசுப் படிவங்களிலிருந்து நீக்கப்பட்டது. அவனும் அதைத் தவிர்ப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 'பொன்ழூர்' என்ற வணக்கம். நம் ஊர்க் கடையில் 'அண்ணே, ஒரு பால் பாக்கெட்' என்று நேரே கேட்பது இயல்பு. அங்கே முகமன் சொல்லாமல் கேட்கும் கேள்வி, எவ்வளவு பிழையற்ற இலக்கணத்தில் அமைந்தாலும், முரட்டுத்தனமாகவே கருதப்படும். ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும், வரிசையில் தன் முறை வந்ததும், கடைக்காரரின் முகத்தைப் பார்த்து 'பொன்ழூர் மதாம்' என்று சொல்லி, அவர் பதில் சொல்லக் காத்திருந்து, பிறகே 'யுன் பகெத், சில் வூ ப்ளே' என்று கேட்க வேண்டும். அந்த நீண்ட ரொட்டியைச் செய்யும் கைத்திறனையும் அதைச் சூழ்ந்த பண்பாட்டையும் 2022இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெளியேறும்போது 'மெர்சி, பொன் ழூர்னே, ஓ ரெவுவார்' (நன்றி, நல்ல நாளாக அமையட்டும், போய் வருகிறேன்). ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த உரையாடலை, விமானம் ஏறுமுன் தங்கள் வீட்டுச் சமையலறையிலேயே அவனைப் பத்து முறை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரராகத் தாங்களே நில்லுங்கள்.