காட்டுப் பறவைகளிடமும் கொரோனா வைரஸ் இருக்கிறதா? அது அவற்றுக்குள் எப்படி மாறுகிறது, எப்படிப் பரவுகிறது?

கேள்வி கேட்டவர் குளிர்காலத்தில் ஏரிகளுக்கு வலசை வரும் பறவைகளைப் பார்க்கச் செல்பவர். வாத்துகளிடம் கொரோனா வைரஸ் இருப்பதாக எங்கோ படித்துவிட்டு, அது உண்மைதானா, உண்மையென்றால் இனி ஏரிக்கரைக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார். உண்மைதான், தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் இருப்பதுதான் சுவையான பகுதி என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கத்தில் பல ஆண்டுகள் கோழிப்பண்ணைகளுக்கு மருத்துவம் பார்த்தவன் நான். எங்களுக்குக் கொரோனா என்பது 2020இல் வந்து சேர்ந்த சொல் அன்று. பண்ணைக்காரர்கள் ‘ஐ.பி.’ என்று சுருக்கமாகச் சொல்லும் மூச்சுக்குழல் அழற்சி நோயை உண்டாக்குவதே ஒரு கொரோனா வைரஸ்தான். 1931இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கோழிக்குஞ்சுகளிடம் அந்த நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1937இல் பொடெட், ஹட்சன் என்ற இருவர் அந்த வைரஸைக் கருவுற்ற முட்டைக்குள் வளர்த்துக் காட்டினார்கள். மனிதர்களின் கொரோனா வைரஸ்கள் 1960களில்தான் கண்டறியப்பட்டன. 2020இல் கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தியில் கறி விலையும் முட்டை விலையும் சரிந்து கிடந்த வாரங்களில், தடுப்பு மருந்துக் குப்பியில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் என்னை அழைத்தவர்கள் உண்டு. பெயர் குடும்பப் பெயர், ஆள் வேறு என்று அன்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது.

அந்தக் குடும்பத்தில் நான்கு கிளைகள் உள்ளன. ஆல்ஃபா, பீட்டா ஆகிய இரண்டும் பெரும்பாலும் பாலூட்டிகளுக்கு உரியவை. சார்ஸும் கோவிட்-19ஐ உண்டாக்கும் வைரஸும் பீட்டா கிளையைச் சேர்ந்தவை. காமா, டெல்டா ஆகிய இரண்டும் பெரும்பாலும் பறவைகளுக்கு உரியவை. (இந்த டெல்டா வேறு, 2021இல் நாம் அஞ்சிய ‘டெல்டா’ உருமாற்றம் வேறு, பெயர் ஒற்றுமையால் விளைந்த குழப்பம் கொஞ்சமல்ல.) கோழிக்கும் வான்கோழிக்கும் வெளியே இவற்றைத் தேடத் தொடங்கியது அண்மையில்தான். 2005இல் நார்வே ஆய்வாளர்கள் சாம்பல் வாத்து, மல்லார்ட் வாத்து, மாடப்புறா ஆகியவற்றிடம் கண்டார்கள். ஹாங்காங்கில் பேட்ரிக் வூவின் குழுவினர் 2009இலும் 2012இலும் வெளியிட்ட ஆய்வுகளில் கொண்டைக்குருவி, சில்லை, வெள்ளைக்கண்ணி, குண்டுகரிச்சான், இராக்கொக்கு, தாழைக்கோழி, நாமத்தலை வாத்து என்று ஒரு நீண்ட வரிசையே வந்தது. வேதாரண்யத்திலோ கூந்தன்குளத்திலோ குறிப்பேட்டோடு உட்கார்ந்தால் ஒரே காலையில் இவர்களில் பாதிப்பேரைப் பார்த்துவிடலாம்.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். கோழியிடம் ஐ.பி. மூச்சுக்குழலைத் தாக்கி, சில வகைகளில் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. காட்டு வாத்திடமோ வைரஸ் பெரும்பாலும் குடலில் தங்கி எச்சத்தோடு வெளியேறுகிறது. அந்த வாத்து நோயின் அடையாளம் எதுவுமின்றி மேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே பரவும் வழி பெரும்பாலும் நீரும் சேறும்தான். பல இனங்கள் ஒரே ஆழமற்ற நீரில் நெருங்கி மேயும் இடம், அந்த ஆண்டு பொரித்த, எதிர்ப்பாற்றல் இல்லாத இளம் பறவைகள் மிகுந்த கூட்டம் ஆகியவை வைரஸுக்கு வாய்ப்பானவை. ஹாங்காங், கம்போடியா நீர்ப்பறவைகளிடம் எடுத்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில் 12.5 விழுக்காட்டு மாதிரிகளில் கொரோனா வைரஸ் இருந்தது. வாத்தினங்களுக்கிடையே காமா வைரஸ்கள் அடிக்கடி இடம் மாறியிருந்தன. கொக்கு, நாரை, நீர்க்காகம் போன்றவற்றிடமும் காணப்பட்ட டெல்டா வைரஸ்களோ தத்தம் விருந்தோம்பியை, அதாவது தாம் குடியிருக்கும் பறவையினத்தை, எளிதில் விட்டுக்கொடுக்காதவையாகத் தெரிந்தன. வாத்துகள் ஒரே பந்தியில் உண்பவை, மற்றவை தனி இலை கேட்பவை என்று நான் எளிமையாக நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

இனி மாற்றம். இந்த வைரஸ்களின் மரபுச் செய்தி ஏறத்தாழ 25,000 முதல் 30,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை, ஆர்.என்.ஏ. வைரஸ்களில் இது மிக நீளமான ஒன்று. இவ்வளவு நீளமான செய்தியைப் படியெடுக்கும்போது பிழைகள் பெருகி வைரஸே அழிந்துவிடாமல் இருக்க, பிழைதிருத்தும் ஒரு நொதியும் உடன் இருக்கிறது. எனவே ஒவ்வோர் எழுத்தாக நிகழும் மாற்றத்தைக் காட்டிலும் வியப்பைத் தருவது மறுசேர்க்கைதான்: ஒரே உயிரணுவுக்குள் இரண்டு வைரஸ்கள் புகுந்தால், படியெடுக்கும் நொதி ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்குத் தாவி, இரண்டும் கலந்த ஒரு புதிய வைரஸை உருவாக்கிவிடலாம். இதற்கு வான்கோழி வைரஸைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அதன் உடல் முழுவதும் கோழியின் ஐ.பி. வைரஸை ஒத்திருக்கிறது, உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் கூர்முனைப் புரதம் மட்டும் பாதிக்கு மேல் வேறுபட்டு நிற்கிறது. அந்த ஒரே மாற்றத்தோடு நோயும் மூச்சுக்குழலை விட்டுக் குடலுக்கு இடம் பெயர்ந்துவிட்டது. சாவியை மட்டும் மாற்றிக்கொண்டு வேறு வீட்டுக்குள் நுழைந்ததுபோல.

இவற்றின் தொன்மை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. 2012இல் ஹாங்காங் குழு நான்கு கிளைகளுக்கும் பொதுவான மூதாதையின் காலத்தை, மரபு மாற்றங்கள் சேரும் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு, ஏறத்தாழ கி.மு. 8100 என்று கணக்கிட்டது. அடுத்த ஆண்டே வந்த இன்னோர் ஆய்வு, நீண்ட காலத்தில் தீங்கான மாற்றங்கள் தொடர்ந்து களையெடுக்கப்படுவதால் அந்தக் கடிகாரம் காலத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்றும், உண்மையான வயது கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கலாம் என்றும் வாதிட்டது. எனக்கு இரண்டாவதே ஏற்புடையதாகப் படுகிறது. பத்தாயிரம் ஆண்டுகளில் இத்தனை பறவை வரிசைகளிலும் இத்தனை வகைகள் கிளைத்திருக்குமா என்பது ஒருபுறமிருக்க, சில வைரஸ்களின் கிளைப்படம் அவை வாழும் பறவைகளின் கிளைப்படத்தோடு பொருந்திப்போவதும் மிக நீண்ட உறவையே காட்டுகிறது.

காட்டிலிருந்து பண்ணைக்கு வருகிறது என்றே எப்போதும் பேசுகிறோம்; கோழிப்பண்ணையிலிருந்து வெளியேயும் போக்குவரத்து இருக்கிறது. தென் சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில் ஒரு வளர்ப்பு மயிலிடம் பிரித்தெடுத்து 2005இல் விவரிக்கப்பட்ட வைரஸ், நெதர்லாந்தில் உருவாக்கப்பட்ட எச்120 என்ற உயிருள்ள தடுப்பு மருந்து வைரஸை ஒத்திருந்தது. நாங்கள் குடிநீரில் கலந்தும் கண்ணில் சொட்டுவிட்டும் குஞ்சுகளுக்குக் கொடுப்பது அந்த வகையைத்தான். பண்ணையின் எல்லை வைரஸுக்கு வேலியாக இருப்பதில்லை.

பறவையை விட்டுப் பாலூட்டிக்குத் தாவியதற்கும் சான்று உண்டு. அதை மறைத்துவிட்டு ‘போகலாம்’ என்று சொன்னால் அது நேர்மையாகாது. காமா கிளையைச் சேர்ந்த ஒரு வைரஸ் 2008இல் வெள்ளைத் திமிங்கலம் ஒன்றிடம் விவரிக்கப்பட்டது. பன்றிகளின் டெல்டா வைரஸ், ஹாங்காங் குழு சிட்டுக்குருவியிடம் கண்ட வைரஸோடு ஒரே இனமாக வகைப்படுத்தும் அளவுக்கு நெருக்கமானது. அந்தப் பன்றி வைரஸ் 2014இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கியது. ஹெய்ட்டியில் 2014–15இல் காய்ச்சலுடன் வந்த மூன்று குழந்தைகளின் இரத்தத்தில் அதே பன்றி வைரஸ் இருந்ததாக 2021இல் தெரியவந்தது. அது பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் பன்றி, கோழி, மனிதர் எல்லோரிடமும் சிறு வேறுபாடுகளுடன் இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். இதிலும் மனிதருக்கு மிக அருகில் நின்றது காட்டுப் பறவை அன்று, பன்றி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபுறம், கோவிட் வைரஸைக் கோழி, வாத்து, வான்கோழி, காடை ஆகியவற்றுக்குச் செலுத்திப் பார்த்த 2020ஆம் ஆண்டுச் சோதனைகளில் அது அவற்றிடம் பெருகவில்லை.

ஆகவே ஏரிக்கரைக்குச் செல்பவர் அஞ்ச வேண்டியது இருந்தால், அது பறவைக் காய்ச்சலே தவிர வாத்தின் கொரோனா அன்று. இறந்து கிடக்கும் பறவையைத் தொடாமல் வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்கள். வீட்டில் கோழி வளர்ப்பவராக இருந்தால், ஏரிச் சேற்றை மிதித்த செருப்பைக் கழுவாமல் கொட்டகைக்குள் போகாதீர்கள்.