சுருக்கிய சிஎஸ்எஸ் கோப்பை அழிப்பது யார்?

கேள்வி: எழுத்துக் கோப்புகளிலிருந்து வலைத்தளம் கட்டித் தரும் ஜெக்கில் கருவியில் வலைப்பதிவு எழுதுகிறேன். வேலைகளை வரிசையாக ஓட்டும் கிரன்ட் கருவியில் ஜெக்கில் பிளக்கினை (துணை நிரலை) சேர்த்து, தளத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பைச் சுருக்கும் வேலையையும் அதோடு கோத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சுருக்கிய கோப்பு, கட்டிய தளம் இருக்கும் '_சைட்' கோப்புறையிலிருந்து காணாமல் போகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. இதைவிட நல்ல பிளக்கின் உண்டா?

பதில்: பிளக்கினை மாற்றாதீர்கள், கோளாறு அதில் இல்லை. அந்தப் பிளக்கின் தானாக எதையும் கட்டுவதில்லை. நீங்கள் கையால் தட்டும் அதே ஜெக்கில் கட்டளையை உங்களுக்காகத் தட்டுகிறது, அவ்வளவுதான். ஜெக்கிலோ ஒவ்வொரு முறை தளத்தைக் கட்டும்போதும் '_சைட்' கோப்புறையைப் பெருக்கித் துடைக்கும். தான் உருவாக்காத கோப்பு அங்கே இருந்தால் குப்பை என்று எடுத்து எறிந்துவிடும். உங்கள் பணிப் பட்டியலில் சுருக்கும் வேலை முதலிலும் ஜெக்கில் அடுத்தும் இருக்கும். அந்த இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஜெக்கில் முதலில், சுருக்கல் பிறகு.

படங்களைச் சுருக்குவதென்றால் மட்டும் இந்த விடை போதாது. நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுருக்க நேரமாகும். அதற்காக ஜெக்கிலின் அமைப்புக் கோப்பில் 'கீப்_ஃபைல்ஸ்' என்று ஒரு வரி உண்டு. அதில் குறிப்பிடும் கோப்புறையை ஜெக்கில் துடைக்காது. பாதையை '_சைட்'டுக்கு உள்ளிருந்து எழுத வேண்டும். '_சைட்' என்ற பெயரையே சேர்த்து எழுதினால் பலிக்காது. மூலப் படங்கள் அதே பெயரில், அதே பாதையில் ஜெக்கிலின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவும் கூடாது. இருந்தால் சுருக்கிய படத்தின் மேல் பெரிய படத்தை மறுபடி நகலெடுத்து வைத்துவிடும். மூலத்தை அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புறையில் வையுங்கள். நீங்கள் கைவிட்ட பழைய படங்களும் ஜெக்கில் துடைக்காத அந்தக் கோப்புறையிலேயே தங்கும். அவற்றை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

'வேறு பிளக்கின்' என்று கேட்டீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இத்தகைய பிளக்கின்கள் கிடைக்கும் என்பிஎம் என்ற பொதுக் கிடங்கில், ஒரே வேலைக்கு ஒன்றுபோல் பெயர் கொண்ட பொதிகள் (நிரல் கட்டுகள்) ஏராளம். பல பராமரிப்பின்றிக் கிடக்கின்றன. ஓர் எழுத்து மாற்றி, ஏமாற்றவென்றே வைத்தவையும் உண்டு. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பொதியைப் பராமரிக்க நேரமில்லாத ஆசிரியர், உதவ வந்த அந்நியரிடம் அதை ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பை திருடும் நிரலை, அதோடு சேர்ந்து இறங்கும் ஒரு சார்புப் பொதி வழியாக நுழைத்துவிட்டார். ஒரு பொதியை நிறுவும்போதே அதனுள் இருக்கும் நிரல் உங்கள் கணினியில் ஓட முடியும். இத்தனை பட்ட பிறகும், இரண்டு கட்டளைகளை வரிசையாக ஓட்ட ஒரு கோப்புறை நிறைய அந்நியர் நிரலை இறக்க வைக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

'எல்லாம் தயார்' என்று காசுக்கு விற்கும், தளம் கட்டுவதற்கான பில்ட் தொகுப்புகளையும் தொடாதீர்கள். நான் பிரித்துப் பார்த்த ஒன்றில் இலவசப் பிளக்கின்களும், ஆசிரியர் பெயர் அழிக்கப்பட்ட ஓர் அமைப்புக் கோப்பும்தான் இருந்தன.

பிளக்கினில் 'சர்வ்' தேர்வு உயிரோடு இருந்தால் அணைத்துவிடுங்கள். உள்ளூர் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த பணிக்கு முறை வராது.

சுருக்கல் ஒன்றுதான் வேலை என்றால் கிரன்ட்டே வேண்டாம். என்பிஎம் படிக்கும் 'பேக்கேஜ்.ஜேசன்' கோப்பின் 'ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் ஜெக்கில் கட்டளையை எழுதி, இரட்டை '&' குறி போட்டு, சுருக்கும் கட்டளையை அடுத்து எழுதுங்கள். முதலாவது தோற்றால் இரண்டாவது ஓடாது.