தான்சானியாவில் இவ்வளவு வளம் இருந்தும் மக்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்? உழைக்க மனமில்லையா?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. அங்கே வேலை கிடைத்து, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் போல. யாரோ சொன்னதை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் மேல் கோபமில்லை.

நான் பண்ருட்டிக்காரன். தான்சானியாவின் தென்கோடியில் முட்வாராவில் ஐந்து சீசன் முந்திரிக்கொட்டை தரம் பார்த்தவன். நான் பார்த்தது தெற்கு மட்டும்தான். கிளிமஞ்சாரோ பக்கத்துக் காப்பி, விக்டோரியா ஏரிப் பக்கத்துப் பருத்தி, தங்கம் பற்றியெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நம் ஊர்ச் சீசன் முடிந்து ஆலைகளில் கொட்டை தீரும் நேரத்தில், அக்டோபரில், அங்கே அறுவடை தொடங்கும். அதனால்தான் நாங்கள் அங்கே போகிறோம். ஒரு வருஷம் ஜூலையிலேயே போய்விட்டேன். பூவில் வெள்ளையாகச் சாம்பல் நோய் விழும் காலம் அது. காற்று எழுவதற்கு முன்னால், இருட்டோடு எழுந்து, முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் கந்தகத் தூள் அடிக்கிறார்கள். கண் சிவந்து தண்ணீர் வழியும். அதைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். அதைப் பார்த்த யாரும் சோம்பேறி என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள்.

2018இல் நடந்ததைச் சொல்கிறேன். ஏலத்தில் வியாபாரிகள் கேட்ட விலை குறைவு என்று விவசாயிகள் விற்க மறுத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியும் குறைத்துத்தான் கேட்டது. நான் கிடங்கில் உட்கார்ந்து மாதிரிக் கொட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிலோவை எண்ணி, ஒவ்வொன்றாக இரண்டாக வெட்டி, நல்லது, புள்ளி விழுந்தது, பொக்கு என்று பிரிக்க வேண்டும். விரலெல்லாம் கொட்டை எண்ணெய் ஏறிக் கறுத்துவிடும். பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து குந்தினார். ஒரு பாதியை எடுத்துப் பருப்பை நகத்தால் நெம்பிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் விலை இல்லை?" என்றார். உங்கள் ஊரில் பருப்பு கிலோ என்ன விலை என்றும் கேட்டார். கடையில் எண்ணூறு ரூபாய் இருக்கும் என்றேன். ஒரு கிலோ பருப்புக்கு மூன்றரைக் கிலோ கொட்டை வேண்டும் என்பதையும் சொன்னேன். போனில் ஷில்லிங்காக மாற்றிக் கணக்குப் போட்டார். கொஞ்ச நேரம் அந்தத் தொகையையே பார்த்துவிட்டு "ஹாயா" என்றார். நம் "சரி" மாதிரியான சொல் அது. எழுந்து போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உடைக்கும் கூலி, கப்பல் வாடகை, வட்டி எல்லாம் எங்கே என்று வியாபாரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் தெரியும். பண்ருட்டியில் தோல் எடுக்கும் பெண்களின் கையைப் பார்த்து வளர்ந்தவன்தான். நான் சொல்வது, அந்தக் கூலியும் லாபமும் விளைந்த ஊரில் தங்குவதில்லை என்பது. அங்கே ஆலை கட்டாமல் இல்லை. 1970களிலும் அதற்குப் பிறகும் உலக வங்கிக் கடனில் கட்டினார்கள், ஆனால் சரியாக ஓடவில்லை. முதல் அதிபர் நைரேரே காலத்தில் மக்களைப் புதுக் கிராமங்களுக்குக் குடி மாற்றினார்கள். பலருக்கு மரம் ஒரு இடத்திலும் வீடு ஒரு இடத்திலும் ஆகிவிட்டது. 1973-74இல் சுமார் 1,45,000 டன் விளைந்தது, 1980களின் நடுவில் 20,000 டன்னுக்கும் கீழே போனது. பிறகு அதே மக்கள்தான் 2017-18இல் மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுவந்தார்கள். சாலை இல்லாததும் ஒரு காரணம். வடக்கிலிருந்து தெற்குக்கு வரும் வழியில் குறுக்கே ஓடும் ருஃபிஜி ஆற்றில் 2003இல் பாலம் வரும்வரை மழைக்காலத்தில் தெற்கு தனியாகக் கிடந்தது.

அந்த 2018இல் அதிபர் மகுஃபுலி ராணுவ லாரிகளை அனுப்பி, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கும் என்றார். நல்ல விலை. ஆனால் பலருக்குப் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது.

இதைக் கேட்டீர்களோ இல்லையோ, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பெண் பார்த்தபோது இரண்டு வீட்டில் "மாப்பிள்ளை ஆப்பிரிக்காவிலா?" என்று கேட்டு, அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரில் என்னைவிடக் குறைந்த சம்பளத்தில் இருந்தவனுக்கு மறு மாதமே நிச்சயம் ஆனது. காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாதான், அந்தப் பகுதியின் மக்கொண்டே இனத்தவர், எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். பெண் வீட்டாரிடம் இதைச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

நீங்கள் தாராளமாகப் போங்கள். பெரியவர்களைப் பார்த்தால் முதலில் "ஷிகாமூ" சொல்லுங்கள். காலைப் பிடிக்கிறேன் என்று பொருள். "மராஹாபா" என்று பதில் வரும், அப்புறம்தான் வேலைப் பேச்சு. அங்கே மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. காலை இரண்டு மணிக்கு வா என்றால் எட்டு மணிக்குப் போக வேண்டும்.